உங்கள் கைபேசி எந்த நாட்டுச் சந்தைக்காகச் செய்யப்பட்டது? (வாசகர் கேள்வி–பதில்)

சேலம் மாவட்டத்திலிருந்து அண்மையில் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே பொருளைப் பற்றியவையாக இருந்ததால், இந்த இதழின் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: புதிய பேருந்து நிலையம் அருகே ஒரு கடையில் பழைய சாம்சங் கேலக்ஸி எஸ்23 அல்ட்ரா வாங்கினேன். "இந்தியன் செட்தான் சார், சந்தேகமே வேண்டாம்" என்றார் கடைக்காரர். பெட்டி தரவில்லை. என் தம்பியிடம் உள்ள அதே மாடலில் அழைப்பைப் பதிவு செய்யும் வசதி இருக்கிறது, என்னுடையதில் இல்லை. நான் ஏமாற்றப்பட்டேனா?
– வாசகர், சூரமங்கலம்

பதில்: அழைப்புப் பதிவு இல்லாதது நல்ல தடயம்தான், ஆனால் அதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. ஒரே பெயரில் விற்கப்படும் கைபேசியை நிறுவனங்கள் நாட்டுக்கு நாடு சற்றே மாற்றித்தான் அனுப்புகின்றன. அந்தந்த நாட்டுச் சட்டம் எதை அனுமதிக்கிறது, அங்குள்ள மொபைல் சேவை நிறுவனங்கள் எந்த அலைவரிசைகளில் இயங்குகின்றன என்பவற்றைப் பொறுத்து, உள்ளே இருக்கும் வன்பொருளும் அதில் ஏற்றப்படும் மென்பொருளும் வேறுபடும். இந்தியாவுக்கான சாம்சங் கைபேசிகளில் அழைப்புப் பதிவு உண்டு. அமெரிக்காவுக்கானவற்றில் நெடுங்காலமாக அது இல்லை.

முதலில் மாடல் எண்ணைப் பாருங்கள். அமைப்புகளில் 'ஃபோனைப் பற்றி' என்ற பகுதிக்குப் போனால் 'எஸ்எம்-எஸ்918' என்று தொடங்கும் எண் தெரியும். அதன் கடைசி எழுத்துதான் நமக்கு வேண்டியது. 'பி' (B) என்று முடிந்தால் அது இந்தியா, ஐரோப்பா, வளைகுடா உள்ளிட்ட பல நாடுகளுக்கான பொது வடிவம். 'யூ' அல்லது 'யூ1' என்று முடிந்தால் அமெரிக்கா, 'டபிள்யூ' என்றால் கனடா, 'என்' என்றால் தென் கொரியா, எழுத்துக்குப் பதிலாகச் சுழியம் இருந்தால் சீனா அல்லது ஹாங்காங். 'யூ', 'டபிள்யூ', 'என்', சுழியம் ஆகியவற்றில் ஒன்று உங்கள் கைபேசியில் இருக்குமானால் அது இந்தியன் செட் அல்ல. மேற்கொண்டு ஆராயத் தேவையில்லை.

'பி' என்று இருந்தால்தான் அடுத்த படிக்குப் போக வேண்டும், ஏனெனில் துபாயில் விற்றதும் லண்டனில் விற்றதும் சேலத்தில் விற்றதும் அந்த ஓர் எழுத்தையே பகிர்ந்துகொள்கின்றன. அதே பகுதியில் 'மென்பொருள் தகவல்' என்பதைத் திறந்து, 'சர்வீஸ் புரொவைடர் சாஃப்ட்வேர் வெர்ஷன்' என்ற வரியைப் படியுங்கள். நீளமான அந்த வரிக்குள் மூன்றெழுத்துக் குறி ஒன்று இருக்கும். பழுது பார்ப்பவர்கள் அதை 'சிஎஸ்சி' என்பார்கள். 'ஐஎன்எஸ்' என்பது இந்தியா, 'எக்ஸ்எஸ்ஜி' ஐக்கிய அரபு அமீரகம், 'கேஎஸ்ஏ' சவூதி அரேபியா, 'எக்ஸ்எஸ்பி' சிங்கப்பூர், 'எக்ஸ்எம்இ' மலேசியா, 'பிடியூ' பிரிட்டன். உங்களுடையதில் 'பி' எழுத்தும் 'பிடியூ' குறியும் சேர்ந்து இருக்குமானால், அழைப்புப் பதிவு ஏன் இல்லை என்பதற்கும் விடை கிடைத்துவிடும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. சில மாடல்களில் பல நாடுகளின் அமைப்புகள் ஒரே மென்பொருள் தொகுப்பில் அடங்கியிருப்பதால், இந்திய சிம்மைப் போட்டு மீட்டமைத்தால் இந்தக் குறியே மாறிவிடுவதுண்டு. ஆகவே 'ஐஎன்எஸ்' தென்படுவது வலுவான சான்று என்றாலும் இறுதிச் சான்று பெட்டிதான். பெட்டி இல்லாமல் விற்கும் கடையில் வாய்வார்த்தையை நம்பி வாங்கக் கூடாது என்பது என் கருத்து. பெட்டி தொலைந்துபோவது இயல்புதான், ஆனால் அயல்நாட்டுக் கைபேசிகளின் பெட்டிகள் மட்டும் ஏனோ அடிக்கடி தொலைகின்றன.

கேள்வி: ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் காப்பித் தோட்டத்தில் வேலை பார்க்கிறேன். ஜப்பானில் இருக்கும் என் மைத்துனர் அங்குள்ள சேவை நிறுவனம் விற்ற ஆண்ட்ராய்டு கைபேசி ஒன்றைக் கொடுத்தார். சேலத்துக்கு இறங்கினால் ஓரளவு நன்றாக வேலை செய்கிறது. மலைக்கு ஏறினால் தோட்டத்துக்குள் சிக்னலே இல்லை. பக்கத்தில் இருப்பவரின் மலிவான கைபேசியில் இரண்டு கோடாவது காட்டுகிறது. கைபேசியில் கோளாறா?
– வாசகர், ஏற்காடு

பதில்: கைபேசியில் கோளாறு இருப்பதாகத் தோன்றவில்லை. அது வேறொரு நாட்டின் கோபுரங்களுக்காகச் செய்யப்பட்டது என்பதுதான் சிக்கல். இந்தக் கேள்வியைச் சற்று விரிவாகவே பார்ப்போம், ஏனெனில் சேர்வராயன் மலையில் இருப்பவர்களுக்கு, கைபேசி எந்தச் சந்தைக்கு உரியது என்பது அழைப்பு கிடைக்குமா கிடைக்காதா என்பதையே முடிவு செய்துவிடுகிறது.

நம் நாட்டில் 4ஜி சேவை பல அலைவரிசைகளில் நடக்கிறது. 2300 மெகாஹெர்ட்ஸ், 2100 மெகாஹெர்ட்ஸ், 1800 மெகாஹெர்ட்ஸ் ஆகியவை நகரங்களில் வேகத்துக்காகப் பயன்படுகின்றன. இவற்றுக்குக் கீழே 900 மெகாஹெர்ட்ஸ், ஜியோ பயன்படுத்தும் 850 மெகாஹெர்ட்ஸ் ஆகியவை இருக்கின்றன. பிஎஸ்என்எல் தன் 4ஜி சேவைக்கு 700 மெகாஹெர்ட்ஸையும் பயன்படுத்துகிறது. 5ஜியில் ஜியோவும் ஏர்டெலும் 3300 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியைப் பயன்படுத்த, 2022 ஏலத்தில் 700 மெகாஹெர்ட்ஸை வாங்கிய ஒரே தனியார் நிறுவனமான ஜியோ அதையும் 5ஜிக்காக வைத்திருக்கிறது.

எண் குறையக் குறைய அலையின் நீளம் கூடுகிறது. 2300 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 13 சென்டிமீட்டர். 850 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 35 சென்டிமீட்டர். நீண்ட அலை மேட்டையும் வளைவையும் ஓரளவு சுற்றி வந்து சேரும். சுவரையும் மரங்களையும் கடப்பதிலும் அதற்கே வலு அதிகம். சில்வர் ஓக் மரங்கள் நெருங்கி நிற்கும், மழைக்காலத்தில் இலைகளெல்லாம் நனைந்திருக்கும் ஒரு சரிவில், கோபுரம் மலையின் மறுபக்கம் இருக்குமானால், உங்களை வந்தடையும் அலை பெரும்பாலும் இந்தத் தாழ்ந்த அலைவரிசைகளில் ஒன்றாகத்தான் இருக்கும். அதைக் கைபேசி பிடிக்கவில்லை என்றால் வேறு அலை எதுவும் அங்கே வராது.

ஜப்பானின் சேவை நிறுவனங்கள் தங்கள் நாட்டுக்குத் தேவையான அலைவரிசைகளையே முதன்மையாகக் கேட்டுச் செய்யவைக்கின்றன. அலைவரிசை ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு; அங்கே டோகோமோ நிறுவனம் 19ஆம் எண் அலைவரிசையைப் பயன்படுத்துகிறது. நம் ஊரின் 850 மெகாஹெர்ட்ஸ் என்பது 5ஆம் எண் அலைவரிசை. வேடிக்கை என்னவென்றால், 19ஆம் எண்ணின் எல்லை முழுவதும் 5ஆம் எண்ணின் எல்லைக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. கோபுரத்திலிருந்து கைபேசிக்கு வரும் திசையில் 5ஆம் எண் 869 முதல் 894 மெகாஹெர்ட்ஸ் வரை. 19ஆம் எண் 875 முதல் 890 வரை. இருந்தும், கைபேசியின் மென்பொருளும் வடிகட்டிகளும் 5ஆம் எண்ணுக்கென அமைக்கப்படாவிட்டால், காற்றில் வந்து நிற்கும் அந்த அலையை அது பொருட்படுத்தவே பொருட்படுத்தாது. சேலம் நகருக்குள் 1800, 2100 ஆகியவை கிடைக்கின்றன. அவை ஜப்பானிலும் பழக்கத்தில் உள்ளவை. ஆகவே அங்கே வேலை செய்கிறது. நகரத்திலும் 'ஓரளவு' என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். 2300 மெகாஹெர்ட்ஸ் இல்லாததே அதற்குக் காரணமாக இருக்கலாம்.

உறுதிப்படுத்திக்கொள்ள ஒரு வழி இருக்கிறது. மாடல் எண்ணை முழுமையாக, இறுதி எழுத்துகளோடு எடுத்துக்கொண்டு, தயாரிப்பு நிறுவனத்தின் ஜப்பானிய இணையதளத்தில் அதன் அலைவரிசைப் பட்டியலைப் பாருங்கள். 5, 8, 28, 40 ஆகிய எண்கள் இருக்கின்றனவா என்று தேடுங்கள். 5 என்பது 850, 8 என்பது 900, 28 என்பது 700, 40 என்பது 2300. இந்நான்கில் எது இருக்கிறதோ அதற்கு ஏற்ற சேவை நிறுவனத்தின் சிம்மைத் தேர்ந்தெடுப்பதே இப்போது உங்களுக்கு உள்ள நடைமுறை வழி. 8 மட்டும் இருந்தால் ஏர்டெல்லோ வி (வோடஃபோன் ஐடியா) நிறுவனமோ அந்தச் சரிவில் 900 மெகாஹெர்ட்ஸில் கிடைக்கிறதா என்று அக்கம்பக்கத்தாரின் கைபேசியில் பார்த்துவிட்டு மாறலாம். சாம்சங் கைபேசி வைத்திருக்கும் நண்பர் யாராவது இருந்தால், *#0011# என்று அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த இடத்தில் எந்த எண் அலைவரிசை கிடைக்கிறது என்பதைப் பெரும்பாலான மாடல்களில் அது நேரடியாகக் காட்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஜியோவில் 2ஜியும் 3ஜியும் கிடையாது; குரல் அழைப்பும் 4ஜி வழியாகவே போக வேண்டும். அதற்கான அமைப்பு அயல்நாட்டு மென்பொருளில் ஜியோவுக்கென இல்லாவிட்டால், இணையம் கிடைத்தும் அழைப்பு போகாது. ஏர்டெல் போன்றவற்றில் அப்படிப்பட்ட கைபேசி 2ஜிக்கு இறங்கிப் பேச வழி இருக்கிறது.

கேள்வி: *#06# அழுத்தினால் வரும் எண்ணில் ஏழாவதும் எட்டாவதும் '02' அல்லது '20' என்று இருந்தால் துபாய்க் கைபேசி, தரம் மோசம், '08' அல்லது '80' என்றால் ஜெர்மனி, பரவாயில்லை, '00' என்றால் அசல் தொழிற்சாலை, மிக உயர்ந்த தரம், '13' என்றால் உடல்நலத்துக்கே கேடு என்று வாட்ஸ்அப்பில் வந்தது. எங்கள் தெருவில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். என்னுடையதில் '13' இருக்கிறது. பயமாக இருக்கிறது.
– வாசகி, அம்மாப்பேட்டை

பதில்: பயப்பட எதுவும் இல்லை, அம்மா. அந்தச் செய்தி முழுக்கப் பொய். வாட்ஸ்அப் வருவதற்கு முன்பே குறுஞ்செய்தியாகச் சுற்றிய பழைய புரளி அது.

பொய்க்கு அடியில் ஒரு பழைய உண்மை ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதனால்தான் அது இத்தனை காலம் உயிர் வாழ்கிறது. அந்த 15 இலக்க எண்ணை ஐஎம்இஐ என்பார்கள். முன்பு அதன் முதல் ஆறு இலக்கங்கள் மாடலையும், அடுத்த இரண்டு இலக்கங்கள் இறுதியாகக் கோர்க்கப்பட்ட தொழிற்சாலையையும் குறித்தன. ஆனால் 2003 தொடக்கத்தில் இந்த முறையைக் கைவிடும் பணி தொடங்கியது. இடைக்காலத்தில் அந்த இரண்டு இடங்களில் எல்லோருக்கும் '00' போட்டார்கள். 2004 ஏப்ரலிலிருந்து முதல் எட்டு இலக்கங்களும் சேர்ந்து மாடலை மட்டுமே குறிக்கின்றன. அதற்கு அடுத்த ஆறு இலக்கங்கள் வரிசை எண். கடைசி இலக்கம், முந்தையவற்றைத் தவறாகப் பதிந்தால் கண்டுபிடிப்பதற்கான சரிபார்ப்பு எண். ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியதே 2006இல்தான்; அங்கிருந்து வந்த ஒரு கைபேசியில்கூட ஏழாவது, எட்டாவது இலக்கங்கள் ஊரைச் சொன்னதில்லை. உங்கள் கைபேசியின் '13' வெறும் மாடல் எண்ணின் வால்.

சிலர் முதல் இரண்டு இலக்கங்களைக் காட்டி நாட்டைச் சொல்கிறார்கள். 35 என்பது பிரிட்டனைச் சேர்ந்த அமைப்பும், 86 என்பது சீன அமைப்பும், 91 என்பது இந்திய அமைப்பும் ஒதுக்கிய எண் என்பது உண்மையே. ஆனால் அது எண்ணை ஒதுக்கிய அமைப்பை மட்டும் காட்டுகிறது. கைபேசி எங்கே விற்பதற்காகச் செய்யப்பட்டது என்று சொல்வதில்லை. இந்தியாவில் முறையாக விற்கப்படும் ஏராளமான கைபேசிகள் 35 அல்லது 86 என்றே தொடங்குகின்றன.

ஐஎம்இஐயால் உண்மையில் ஒரு பயன் உண்டு. 'கேஒய்எம்' என்பதற்கான மூன்று ஆங்கில எழுத்துகளை அடித்து, ஓர் இடைவெளி விட்டு, 15 இலக்க எண்ணையும் சேர்த்து 14422 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பினால், அந்த எண் எந்த நிறுவனத்தின் எந்த மாடலுக்கு உரியது, அது தடை செய்யப்பட்டதா என்ற விவரம் வரும். மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்திலும் இதைப் பார்க்கலாம். கையில் இருப்பது ஒரு மாடல், பதிலில் வருவது வேறு மாடல் என்றால், அல்லது 'ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது', 'போலி', 'தடை செய்யப்பட்டது' என்று வந்தால், வாங்காமல் திரும்பிவிடுங்கள்.

கேள்வி: ஒரு பழைய ஐபோன் 15 பார்த்தேன். 'இந்தியாவில் கோர்க்கப்பட்டது' என்று எழுதியிருக்கிறது. ஆனால் கடைக்காரரே 'இது யூஎஸ் செட், அதனால்தான் விலை குறைவு' என்கிறார். இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும்?
– வாசகர், ஓமலூர்

பதில்: இரண்டும் உண்மையாக இருக்கலாம், அந்தக் கடைக்காரரின் நேர்மையையும் பாராட்ட வேண்டும். எங்கே செய்யப்பட்டது என்பது வேறு, யாருக்காகச் செய்யப்பட்டது என்பது வேறு. ஐபோனை இந்தியாவில் கோர்ப்பது 2017இல் பெங்களூரில் தொடங்கியது. இன்று ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கானில் செய்யப்படும் ஐபோன்களில் பெரும் பங்கு அமெரிக்காவுக்குக் கப்பலேறுகிறது. நம் சேலத்துக்கு வடக்கே ஓசூரில் டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலையும் ஐபோன் வேலையில் இருக்கிறது. தமிழ்நாட்டில் பிறந்து, அமெரிக்காவில் விற்கப்பட்டு, பழைய பொருளாகச் சேலத்துக்குத் திரும்பி வந்த கைபேசி என்பதில் வியப்பில்லை.

சந்தையைச் சொல்வது பகுதி எண். அமைப்புகளில் 'ஜெனரல்', அதற்குள் 'அபௌட்' என்று போனால் 'மாடல் நம்பர்' என்ற வரி இருக்கும். அதில் சாய்கோட்டுக்கு முன்னால் வரும் ஓரிரு எழுத்துகளைப் பாருங்கள். 'எச்என்' என்றால் இந்தியா, 'எல்எல்' அமெரிக்கா, 'ஜே' ஜப்பான், 'சிஎச்' சீனப் பெருநிலம், 'இசட்பி' ஹாங்காங்கும் மக்காவும், 'இசட்ஏ' சிங்கப்பூர், 'பி' (B) பிரிட்டன், 'ஏஇ' அமீரகம் உள்ளிட்ட வளைகுடா நாடுகள். அதே எண்ணின் முதல் எழுத்து இன்னொரு சேதியைச் சொல்லும், பழைய கைபேசி வாங்குபவருக்கு அதுவும் முக்கியம்: 'எம்' என்றால் புதிதாக விற்கப்பட்டது, 'எஃப்' என்றால் ஆப்பிள் புதுப்பித்து விற்றது, 'என்' என்றால் பழுதான ஒன்றுக்கு மாற்றாகத் தரப்பட்டது, 'பி' (P) என்றால் பெயர் பொறிக்கப்பட்டது. 'புத்தம் புதிய, ஒரே கை மாறியது' என்று சொல்லி விற்கும் கைபேசியில் முதல் எழுத்து 'எஃப்' அல்லது 'என்' ஆக இருந்தால், விலையைப் பற்றி மறுபடி பேசத் தயங்காதீர்கள்.

அந்த வரியை ஒரு முறை தொட்டால் 'ஏ' என்று தொடங்கும் மற்றோர் எண் வரும். அது வன்பொருளின் வடிவத்தைக் காட்டுவது. எடுத்துக்காட்டாக ஐபோன் 13இல் ஏ2482 அமெரிக்காவுக்கும், ஏ2634 சீனா, ஹாங்காங்குக்கும், ஏ2633 இந்தியா உள்ளிட்ட மற்றப் பல நாடுகளுக்கும் உரியது. மென்பொருளை மாற்றினாலும் இந்த வடிவம் மாறாது.

நீங்கள் பார்த்த ஐபோன் 15இல் எண்ணைத் தேட வேண்டிய அவசியமே இல்லை. 2022இல் வந்த ஐபோன் 14 முதல் அமெரிக்க வடிவங்களில் சிம் அட்டை போடும் இடமே கிடையாது, இசிம் (அட்டை இல்லாமல் கைபேசிக்குள்ளேயே பதிவாகும் சிம்) மட்டும்தான். இந்திய வடிவத்தில் ஒரு நானோ சிம்மும் இசிம்மும் உண்டு. சீனா, ஹாங்காங் வடிவங்களில் இரண்டு நானோ சிம் போடும் தட்டு இருக்கும். ஐபோன் 12 முதல் 15 வரையிலான அமெரிக்க வடிவங்களில் வலப்பக்க விளிம்பில், பொத்தானுக்குக் கீழே, மாத்திரை வடிவில் ஒரு சிறு பட்டையும் தெரியும். மில்லிமீட்டர் அலை 5ஜிக்கான திறப்பு அது.

இந்தியாவில் பயன்படுத்த முடியுமா என்றால், முடியும். ஐபோன்கள் அலைவரிசை விஷயத்தில் தாராளமானவை. அமெரிக்க வடிவத்திலும் நம் ஊருக்குத் தேவையானவை இருக்கின்றன. ஜியோ, ஏர்டெல், வி மூன்றும் இசிம் தருகின்றன. ஆனால் கைபேசி பழுதாகும்போது சிம்மைக் கழற்றி இன்னொன்றில் போட்டுக்கொள்ளும் வசதி போய்விடும். அடிக்கடி அப்படி மாற்றுபவராக இருந்தால் இது வேண்டாம் என்பேன். வாங்குவதானால் 'அபௌட்' பகுதியிலேயே 'கேரியர் லாக்' என்ற வரியில் சிம் கட்டுப்பாடு எதுவும் இல்லை என்ற வாசகம் இருக்கிறதா என்று பாருங்கள். அமெரிக்க சேவை நிறுவனங்கள் தவணையில் கொடுத்துப் பூட்டி வைத்த ஐபோன்கள் அங்கிருந்து வெளியேறுவது உண்டு.

கேள்வி: சியோமி கைபேசியில் இவையெல்லாம் எங்கே இருக்கும்?
– வாசகர், தாரமங்கலம்

பதில்: மென்பொருள் பதிப்பு எண்ணின் முடிவில் ஏழு எழுத்துகள் வரும். அவற்றில் நான்காவதும் ஐந்தாவதும் சந்தை: 'ஐஎன்' இந்தியா, 'சிஎன்' சீனா, 'எம்ஐ' உலகப் பொது வடிவம், 'இயூ' ஐரோப்பா, 'ஐடி' இந்தோனேசியா. ரெட்மி, போகோ இரண்டுக்கும் இதே முறைதான். சீனக் கைபேசியில் இடைத்தரகர்கள் உலகப் பொது மென்பொருளை ஏற்றி விற்பது இந்த நிறுவனத்தின் கைபேசிகளில் அடிக்கடி நடக்கிறது; பூட்லோடர் (கைபேசியை எழுப்பி, அசல் மென்பொருளை மட்டும் அனுமதிக்கும் பூட்டு) திறக்கப்பட்டிருக்கும், வங்கிச் செயலிகள் திறக்க மறுக்கும். மறுபடி பூட்டினால் கைபேசி எழும்பாமலே போகலாம். எழுத்துகள் 'எம்ஐ' என்று இருந்தும் பெட்டியில் சீன எழுத்து மட்டுமே இருந்தால், இதுதான் நடந்திருக்கிறது.

கேள்வி: செவ்வாய்ப்பேட்டையில் ஒருவர் சீல் பிரிக்காத புதுப் பெட்டியை, கடை விலையை விடக் குறைத்துத் தருவதாகச் சொல்கிறார். பில் கிடையாதாம். பெட்டியைப் பிரிக்காமலே தெரிந்துகொள்ள முடியுமா?
– வாசகர், செவ்வாய்ப்பேட்டை

பதில்: முடியும். இந்தியாவில் சில்லறை விற்பனைக்கு வரும் பொட்டலப் பொருள் எதுவானாலும், எல்லா வரிகளும் உட்பட அதிகபட்ச சில்லறை விலை, தயாரித்த மாதமும் ஆண்டும், தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் முகவரி, நுகர்வோர் தொடர்பு ஆகியவை அச்சிடப்பட வேண்டும் என்பது சட்டமுறை எடையளவு விதி. துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ போகும் பெட்டியில் ₹ குறியோடு இந்த விவரங்கள் இருக்காது. அடுத்து, இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு எண். 'ஆர்' என்ற எழுத்துக்குப் பின் எட்டு இலக்கங்கள் வரும். கைபேசியிலும் பேட்டரியிலும் சார்ஜரிலும் இது இருக்க வேண்டும். அமைவனத்தின் 'பிஐஎஸ் கேர்' செயலியில் அந்த எண்ணைப் போட்டுப் பார்த்தால் யாருக்கு உரியது என்று தெரிந்துவிடும். ஐரோப்பாவின் 'சிஇ' குறி இருப்பதை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். இந்தியப் பெட்டிகளிலும் அது இருக்கும்.

சாம்சங் பெட்டியாக இருந்தால், முதலில் குறிப்பிட்ட பகுதியின் சிம்மைப் போட்டுத்தான் இயக்க வேண்டும் என்ற ஒட்டுச்சீட்டு உண்டா என்று பாருங்கள். 2013 முதல் உள்ள ஏற்பாடு அது. அந்தப் பகுதியின் சிம்மில் மொத்தம் ஐந்து நிமிடமாவது பேசிய பிறகே மற்ற நாட்டு சிம் ஏற்கும். அந்தச் சீட்டில் மத்திய கிழக்கு என்றோ ஐரோப்பா என்றோ இருந்தால், சீல் பிரிக்காத அந்தக் கைபேசி உங்கள் சிம்மை ஏற்காமலே போகலாம்.

பில் இல்லை என்றால், எந்த நாட்டுக் கைபேசியாக இருந்தாலும் வாங்காதீர்கள். உத்தரவாதமும் இல்லை, நாளை அது களவுப் பொருள் என்று தெரிந்தால் விளக்கம் சொல்லவும் வழியில்லை.

கேள்வி: சார்ஜர் முனையைப் பார்த்துச் சொல்லலாம் என்கிறார்களே?
– வாசகி, ஆத்தூர்

பதில்: முன்பு சொல்லலாம். மூன்று தட்டை முனை இருந்தால் வளைகுடா, சிங்கப்பூர், மலேசியா, ஹாங்காங். இரண்டு தட்டை முனை இருந்தால் அமெரிக்கா, ஜப்பான். இப்போது பல பெட்டிகளில் சார்ஜரே வருவதில்லை.

கேள்வி: கொரியச் சந்தைக்கான கைபேசி ஒன்று என்னிடம் இருக்கிறது. சாஃப்ட்வேர் மாற்றி 'இந்தியன் செட்' ஆக்கித் தருவதாக ஒரு பழுதுபார்ப்பவர் சொல்கிறார். செய்யலாமா?
– வாசகர், எடப்பாடி

பதில்: மென்பொருளால் மொழியும் சில வசதிகளும் மாறும். அலைவரிசைக்கான வடிகட்டியும் பெருக்கியும் உள்ளே இல்லாதபோது எந்த மென்பொருளும் அவற்றை உண்டாக்காது. சாம்சங்கில் அதிகாரபூர்வமற்ற மென்பொருளை ஏற்றினால் உள்ளே ஓர் உருகி நிரந்தரமாக எரிந்துபோகும். பிறகு செக்யூர் ஃபோல்டர் (கோப்புகளைத் தனியே பூட்டி வைக்கும் பகுதி) போன்ற வசதிகள் மீண்டும் வேலை செய்யாது. இதெல்லாம் உங்கள் பொருள், உங்கள் விருப்பம்.

ஆனால் அவர் 'ஐஎம்இஐயையும் சேர்த்து மாற்றித் தருகிறேன்' என்றால் உடனே கைபேசியை வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். அது குற்றம். 2023ஆம் ஆண்டு தொலைத்தொடர்புச் சட்டத்தின்படி மூன்று ஆண்டு வரை சிறையும் 50 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கப்படலாம்.

கேள்வி: மகன் கத்தாரில் இருக்கிறான். வரும்போது அவனுடைய அம்மாவுக்கு ஐபோன் 17 வாங்கி வருவதாகச் சொல்கிறான். இங்கே வாங்குவது நல்லதா, அங்கேயா?
– வாசகர், மேட்டூர்

பதில்: உங்கள் மனைவி எப்படிப் பயன்படுத்துகிறார் என்பதைப் பொறுத்தது. கத்தார், அமீரகம், சவூதி, குவைத், ஓமன், பஹ்ரைன் ஆகியவற்றில் ஐபோன் 17 இசிம் மட்டும் கொண்டதாகவே விற்கப்படுகிறது; சிம் அட்டைக்கு இடமில்லை. இப்போது அவர் வைத்திருக்கும் சிம்மை அதில் போட முடியாது. அதே எண்ணுக்கு இசிம் வாங்கி மாற்ற வேண்டும். மகன் ஊரில் இருக்கும் நாட்களிலேயே அதைச் செய்து முடித்துவிட்டால் சிரமமில்லை. அவன் விமானம் ஏறிய பிறகு தொடங்கினால் சிரமம்தான்.

உத்தரவாதம் விற்பனையான நாட்டோடு நின்றுவிடலாம் என்ற நிபந்தனையைப் பல நிறுவனங்கள் வைத்திருக்கின்றன. ஆகவே வாங்கும் முன் அந்தக் கடையில் இந்தியாவில் சேவை உண்டா என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். அமீரகத்தில் விற்கப்படும் ஐபோன்களில் ஃபேஸ்டைம் கிடைக்காது என்பதால், துபாயில் இறங்கி விமானம் மாறும்போது அங்கேயே வாங்கிவிடலாம் என்று நினைத்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். மகனை முகம் பார்த்துப் பேசத்தானே அந்தக் கைபேசி. விலை வித்தியாசம் மிகச் சிறியது என்றால் சேலத்தில் பில்லோடு, 'எச்என்' எழுத்தோடு வாங்கித் தருவதையே நான் விரும்புவேன்.